‘முழுமையாக ரீஸ்டோர் செய்த கார் விற்பனைக்கு’... இதில் எவ்வளவு பழசு, எவ்வளவு புதுசு? டூசன்பெர்க் கார்களின் கதை

2018 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெபிள் பீச்சில் ஓர் ஏலம் நடந்தது. குடிங் அண்ட் கம்பெனி நடத்திய அந்த ஏலத்தில் 1935-ம் ஆண்டு செய்யப்பட்ட ஒரு திறந்த கார் மேடைக்கு வந்தது. ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் ஓட்டிய டூசன்பெர்க் எஸ்எஸ்ஜே. ஏலம் முடிந்தபோது, கமிஷனும் சேர்த்து விலை 2 கோடியே 20 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 154 கோடி ரூபாய்! அதுவரை ஏலத்தில் எந்த அமெரிக்க காரும், இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய எந்த நாட்டு காரும் இந்த விலைக்குப் போனதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த கார் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, புதுசு போல மாற்றப்பட்ட கார் இல்லை. ஆனால் அதே கம்பெனியின் வேறு கார்கள், பல ஆண்டு உழைப்பைக் கொட்டி கண்ணாடி மாதிரி பளபளக்க ரீஸ்டோர் செய்யப்பட்டவை, இந்த விலையில் ஒரு சிறு பங்குக்குத்தான் கைமாறுகின்றன. அந்தச் சிறு பங்கே பல கோடி ரூபாய் என்பது வேறு கதை.

எஸ்எஸ்ஜே மாடலில் மொத்தமே இரண்டு கார்கள்தான் செய்தார்கள். ஒன்று கூப்பருக்கு, இன்னொன்று கிளார்க் கேபிளுக்கு. ஸ்டார்கள் ஓட்டினால் விளம்பரம் ஆகுமே என்று கம்பெனியே கொடுத்தது. ஆக, அரிதான கார், நடிகரின் பெயர் என இரண்டுமே விலையை ஏற்றின. ஆனால் அது மட்டும்தான் காரணமா? பழைய கார் விற்பனை விளம்பரங்களில் சர்வசாதாரணமாக வரும் ‘ரீஸ்டோர்டு’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால்தான் முழு பதில் கிடைக்கும்.

யார் இந்த டூசன்பெர்க்?

ஃப்ரெட், ஆகஸ்ட் என இரண்டு சகோதரர்கள். ஜெர்மனியில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்தவர்கள். ரேஸ் கார்தான் அவர்களுடைய உயிர். 1921-ல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி ஜெயித்தது இவர்கள் செய்த காரில்தான். புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை 1924, 1925, 1927 என மூன்று முறை இவர்களின் கார்கள் வென்றன.

இன்ஜின் செய்யத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு வியாபாரம் தெரியவில்லை. 1926-ல் ஈ.எல்.கார்ட் என்ற தொழிலதிபர் கம்பெனியை வாங்கினார். உலகத்திலேயே சிறந்த காரைச் செய்து கொடு என்பதுதான் அவர் ஃப்ரெட்டுக்குக் கொடுத்த வேலை. 1928 டிசம்பரில் நியூயார்க் கண்காட்சியில் ‘மாடல் ஜே’ வந்தது. 6.9 லிட்டர், வரிசையாக 8 சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் 4 வால்வு. கம்பெனி சொன்ன கணக்குப்படி 265 குதிரைத்திறன். அதே காலத்தில் சாமானியர்கள் வாங்கிய ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜின் சக்தி வெறும் 40 குதிரைத்திறன்! மணிக்கு 190 கி.மீ.க்கு மேல் போகும் என்றார்கள். டேஷ்போர்டில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று காட்டும் கருவி வரை இருந்தது. ஆயில் மாற்றும் நேரம் வந்தால் அங்கேயே ஒரு விளக்கு எரியும். இத்தனையும் 1928-ல்.

விளம்பரம் இன்னும் கெத்து. பெரிய மாளிகையிலோ, சொந்தப் படகிலோ ஒரு பணக்காரர் இருப்பார். படத்தில் கார் இருக்கவே இருக்காது. இவர் ஓட்டுவது டூசன்பெர்க் என்று ஒரே ஒரு வரி மட்டும்.

ஆனால் நேரம் சரியில்லை. கார் வந்த அடுத்த ஆண்டே அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் ஆரம்பித்தது. 500 கார் செய்யத் திட்டமிட்டவர்கள் பத்தாண்டு தட்டுத்தடுமாறி சுமார் 480 கார்களைத்தான் விற்றார்கள். 1932-ல் தன் காரிலேயே விபத்துக்குள்ளான ஃப்ரெட், சில வாரங்களில் நிமோனியாவில் இறந்துபோனார். 1937-ல் கம்பெனிக்கும் பூட்டு.

காசு கொடுத்தால் பாதி கார்தான் வரும்

இப்போது ஷோரூமுக்குப் போனால் முழு காரையும் ஓட்டிக்கொண்டு வரலாம். டூசன்பெர்க் அப்படி இல்லை. 8,500 டாலர் கொடுத்தால் கிடைப்பது பாடி இல்லாத சேஸிஸும் இன்ஜினும்தான். உட்கார சீட் கூட இல்லை. அன்று ஒரு புது ஃபோர்டு காரே சுமார் 500 டாலர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேல்பாகத்தை, அதாவது பாடியை, அதற்கென்று இருக்கும் பட்டறையில் தனியாகக் கட்ட வேண்டும். நம்ம ஊரில் சேஸிஸ் மட்டும் வாங்கி, பாடி கட்டும் இடத்துக்கு பஸ்ஸை அனுப்புகிறார்களே, ஏறக்குறைய அதே முறை. கலிபோர்னியாவின் மர்ஃபி, நியூயார்க்கின் ரோல்ஸ்டன், லெபரான், டெர்ஹாம் என்று பெயர்பெற்ற பட்டறைகள் பல இருந்தன. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் தன்னுடைய டூசன்பெர்க்குக்கு லண்டனில் உள்ள கர்னி நட்டிங் பட்டறையில் பாடி கட்டினார். ஆரஞ்சும் கறுப்பும் கலந்த அந்த கார் பின்னாளில் அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டது.

சேஸிஸ் வேறு, பாடி வேறு. இன்றைய விலைக் குழப்பம் எல்லாம் ஆரம்பிப்பது இங்கேதான்.

தனித்தனியாகச் செய்ததைத் தனித்தனியாகக் கழற்றவும் முடியும் இல்லையா? 1930-களிலேயே டீலர்கள் பழைய சேஸிஸில் இருந்த பாடியைத் தூக்கி வேறு சேஸிஸில் மாட்டி விற்றிருக்கிறார்கள். போருக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். பெட்ரோலைக் குடிக்கும் இந்த ராட்சத கார்களை அப்போது சீந்துவார் இல்லை. பிறகு சேகரிப்பாளர்கள் தேட ஆரம்பித்தபோது, அவர்களுக்கு வேண்டியது கூரை இல்லாத, ஸ்டைலான திறந்த கார்கள். நாலு கதவு, கூரை வைத்த செடான்களுக்கு மவுசு இல்லை. என்ன செய்தார்கள்? செடான் பாடியைக் கழற்றி வீசிவிட்டு, அதே சேஸிஸில் திறந்த பாடியைப் புதிதாகச் செய்து மாட்டினார்கள். அப்படி எத்தனையோ நல்ல செடான்கள் காணாமல் போயின.

ஆக இன்று விற்பனைக்கு நிற்கும் ஒரு டூசன்பெர்க்கின் சேஸிஸ் 1929-ஐச் சேர்ந்ததாகவும், இன்ஜின் வேறொரு காருடையதாகவும், பாடி 1970-களில் செய்ததாகவும் இருக்கலாம். மூன்றும் சேர்ந்து ‘ரீஸ்டோர்டு’ என்ற ஒரே பெயரில் வரும். பொய்யா என்றால், இல்லை. முழு உண்மையா என்றால், அதுவும் இல்லை!

ரீஸ்டோர் செய்யும்போது என்ன போகிறது?

யோசித்துப் பாருங்கள், 90 வயது கார். வெளியே தெரிவது உலோகத் தகடு. உள்ளே அதைத் தாங்குவது மரச்சட்டம். ஈரம் பட்டால் மரம் உளுத்துப்போகும். எனவே தகட்டைப் பிரித்து, பழைய மரத்தை அச்சாக வைத்துப் புது மரம் இழைத்து மாட்டுகிறார்கள். இன்ஜினை முழுசாகப் பிரிக்கிறார்கள். கிடைக்காத பாகங்களைப் புதிதாக வார்க்கிறார்கள். பிறகு தோல் சீட், குரோம், அடுக்கடுக்காக பெயின்ட்.

இதெல்லாம் அவசியமான வேலைதான். மரம் உளுத்துப்போன காரை ஓட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று நிரந்தரமாகப் போய்விடுகிறது. பட்டறைக்காரர் மரத்தில் எழுதி வைத்த எண், முதல் பெயின்ட்டின் உண்மையான நிறம், கையால் தட்டிய சுத்தியல் தடம் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. 1930-ல் இந்த கார் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு அவைதான் சாட்சி.

இன்னொரு பக்கம், போட்டிக்காக ரீஸ்டோர் செய்யும்போது தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்றைவிட அதிகமாக மினுங்க வைத்துவிடுகிறார்கள். அன்று எந்த டூசன்பெர்க்கும் இவ்வளவு பளபளத்திருக்காது. அதனால்தான் பெரிய கார் கண்காட்சிகளில், ரீஸ்டோர் செய்யாமல் காப்பாற்றிய கார்களுக்கு இப்போது தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். கூப்பரின் காருக்கு வருவோம். பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற ரேஸ் வீரரிடம் பல்லாண்டு இருந்து, 1986-ல் மைல்ஸ் காலியர் என்ற சேகரிப்பாளரிடம் போனது. யார் யார் கையில் இருந்தது என்பதில் இடைவெளியே இல்லை. காசு அங்கேதான்.

எந்த நாளுக்குத் திரும்புவது?

‘பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம்’ என்கிறார்கள். எந்தப் பழைய நிலைக்கு? ‘மார்மன் மீட்டியர்’ என்ற டூசன்பெர்க் இதற்கு நல்ல உதாரணம். 1935-ல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புப் பரப்பில் ஏப் ஜென்கின்ஸ் இந்த காரை 24 மணி நேரம் ஓட்டி, சராசரியாக மணிக்கு 135 மைலுக்கு மேல் வேகம் எடுத்துச் சாதனை படைத்தார். அடுத்து, அதில் விமான இன்ஜினைப் பொருத்தினார். பிறகு டூசன்பெர்க் இன்ஜினையே திரும்ப மாட்டி, ஊருக்குள் ஓட்டும் சாதாரண காராக்கிக்கொண்டார். 2004 ஏலத்தில் இது 44 லட்சம் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் 1935 சாதனை நாளின் தோற்றத்துக்குத் திருப்பினார். 2007-ல் பெபிள் பீச் கண்காட்சியின் முதல் பரிசும் கிடைத்தது.

அப்போ ஜென்கின்ஸ் ஊருக்குள் ஓட்டித் திரிந்த காலத்தின் கார் எங்கே? அதுவும் நிஜமான வரலாறுதானே. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை அழித்தே ஆக வேண்டும். இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை இல்லை.

கோர்ட் வரை போன கேள்வி

தாத்தா காலத்து அரிவாள், பிடியை இரண்டு தடவை மாத்தியாச்சு, இரும்பை ஒரு தடவை மாத்தியாச்சு, ஆனாலும் அது தாத்தா அரிவாள்தான் என்று வீடுகளில் சொல்வார்கள். கிட்டத்தட்ட இதே வாதம் 1990-ல் பிரிட்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. சர்ச்சைக்குரிய கார் அமெரிக்க கார் அல்ல, 1929, 1930 லெ மான் பந்தயங்களை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி. விலை ஒரு கோடி பவுண்டு. பேசி முடித்த பிறகு, ‘இது அந்த கார் இல்லை, 1929-ன் பாகங்கள் இதில் ஏறக்குறைய இல்லவே இல்லை’ என்று வாங்குபவர் பின்வாங்கினார்.

நீதிபதி விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறியது உண்மை. ஆனால் ஒரே நாளில் மாறவில்லை. பந்தயங்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறினாலும் அந்த கார் எங்கேயும் முடிந்துபோகவில்லை. எனவே அது உண்மையான ‘ஓல்டு நம்பர் ஒன்’தான், ஆனால் ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது என்றார். இந்த வித்தியாசத்தைப் பழைய கார் வியாபாரிகள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

வாங்குபவர் எதைப் பார்க்கிறார்?

பெயின்ட்டை அல்ல. முதலில் எண்கள். டூசன்பெர்க் இன்ஜினில் ‘ஜே’ என்ற எழுத்தோடு ஓர் எண் பொறித்திருக்கும். சேஸிஸில் வேறு எண். இன்ஜினுக்கும் பயணிகளுக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவரில் ஒரு தகடு. இவை எல்லாம் ஒரே காருக்குச் சேர்ந்தவையா என்று ஆபர்ன், கார்ட், டூசன்பெர்க் கார் உரிமையாளர்கள் சங்கம் ஆட்களை அனுப்பிச் சோதித்து, தரம் பிரித்துச் சான்றிதழ் தருகிறது. சேஸிஸ், இன்ஜின், பாடி மூன்றும் அசல் என்றால் முதல் தரம். ஒரே மாதிரி மின்னும் இரண்டு கார்களில் ஒன்று இந்தச் சான்றிதழோடும் இன்னொன்று புது பாடியோடும் நின்றால், விலை வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குரோம் புகைக்குழாய்கள். சூப்பர்சார்ஜர் பொருத்திய, 320 குதிரைத்திறன் கொண்ட எஸ்ஜே மாடலின் அடையாளம் அது. ஆனால் பார்க்க அழகாக இருக்கிறதே என்று சாதாரண ஜே கார்களிலும் பலர் பின்னாளில் மாட்டிக்கொண்டார்கள். குழாயை மட்டும் பார்த்து ஏமாந்தால் போச்சு! கடைசியாகக் கேட்க வேண்டியது ரீஸ்டோர் வேலையின் போட்டோக்கள். காரைப் பிரித்துப் போட்டிருந்தபோது உள்ளே என்ன இருந்தது என்பதை அவைதான் காட்டும். வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் அவற்றை ஆல்பம் ஆல்பமாக எடுத்து வைத்திருப்பார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இண்டியானா மாநிலத்தின் ஆபர்ன் நகருக்குப் போகிறார்கள். ஈ.எல்.கார்ட்டின் கம்பெனி 1930-ல் கட்டிய தலைமை அலுவலகம் இன்று அருங்காட்சியகம். அன்று புது கார்களை நிறுத்திய அதே ஷோரூம் தளத்தில்தான் இன்றும் கார்கள் நிற்கின்றன. செப்டம்பர் முதல் வார விடுமுறையையொட்டி அங்கே திருவிழா நடக்கும். அசல் பாடியோ, மாற்றிய பாடியோ, எல்லா டூசன்பெர்க்குகளும் ஒரே ஊர்வலத்தில்தான் போகும்.