வாடகைக்கு எடுத்த படம் யாருடையது?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் காசு போட்டு ஒரு புதுப் படத்தை ஆப்பில் வாடகைக்கு எடுக்குறீங்க. பாதி ஓடும்போதே ஒருத்தருக்குத் தூக்கம், இன்னொருத்தருக்கு முடிக்காத ரெக்கார்டு நோட்டு. சரி, மீதியை அப்புறம் பாத்துக்கலாம்னு மூடி வெக்குறீங்க. திங்கட்கிழமை சாயங்காலம் திறந்தா மறுபடியும் காசு கேக்குது. "30 நாளுக்குத்தானே எடுத்தோம்?"

யாரும் ஏமாத்தல. அந்த 30 நாள், படத்தை ஆரம்பிக்காம வெச்சிருக்கறதுக்கு மட்டும்தான். பிளே பட்டனை அழுத்தின நொடியிலிருந்து கணக்கு 48 மணி நேரம். 2022 ஏப்ரலில் பிரைம் வீடியோ இந்தியாவில் தன் வாடகைக் கடையைத் திறந்தபோது சொன்ன கணக்கு இது. யூடியூபிலும் பொதுவாக இதே முறைதான். காசு கட்டும் பக்கத்துலயே எழுதியிருக்கும். ஆனா பொடி எழுத்துல.

'வாடகை'ங்கற வார்த்தை நம்மளைக் கொஞ்சம் குழப்பி விடுது. நம்ம அப்பா அம்மா காலத்தில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கேசட் லைப்ரரியிலிருந்து மூணு படம் வாங்கிட்டு வந்து, விடிய விடியத் தெருவே உட்கார்ந்து பார்த்த கதை எல்லா வீட்டிலும் இருக்கும். அங்க வாடகைக்கு வந்தது ஒரு பொருள். கையில இருக்கற வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடலாம். ஆப்பில் நமக்கு வர்றது பொருள் இல்லை, ஒரு அனுமதி. யார், எங்கே, எந்தக் கருவியில், எத்தனை மணி நேரம் பார்க்கலாம்னு நிபந்தனை போட்ட அனுமதி. வாடிக்கையாளர்கள் புலம்புற விஷயங்களை வரிசையா எடுத்துப் பார்த்தா, முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசத்துலதான் வந்து நிக்கும்.

முதல்ல தபால் காலம். நெட்ஃபிளிக்ஸ் 1997-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. 1998-இல் இணையதளத்தைத் திறந்து, டிவிடிக்களைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விட்டது. அடுத்த வருடமே மாதச் சந்தா முறை வந்தது. வேண்டிய படங்களை வரிசையா பட்டியல் போட்டு வெச்சா, சிவப்பு உறையில் தட்டு வீட்டுக்கு வரும். பார்த்துட்டு அதே மாதிரி திருப்பி அனுப்பினா அடுத்தது கிளம்பும். தாமதக் கட்டணம் கிடையாது. 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி கடைசி உறை போற வரைக்கும் 500 கோடிக்கும் மேற்பட்ட தட்டுகள் அப்படிப் போய் வந்திருக்கின்றன. கடைசியா வந்த தட்டுகளைத் திருப்பித் தர வேண்டாம், வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க.

அந்தக் காலத்துப் புகார்கள் கையால தொட்டுப் பார்க்கக்கூடியவை. தட்டில் கீறல், பாதியில் உடைஞ்சது, உறைக்குள்ள வேற படம், 'மிக நீண்ட காத்திருப்பு'ன்னு மாசக் கணக்கா நிக்கும் புதுப் படம். ஒரு புகார் மட்டும் வேற ரகம், நம்ம துறை ஆளுங்க கவனிக்க வேண்டியது. மாதச் சந்தா நிலையானது, தபால் செலவு மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் போக வர ஏறும். அதனால வந்த அன்னைக்கே பார்த்துட்டுத் திருப்பி அனுப்புறவர்தான் கம்பெனிக்கு நஷ்டம். தட்டு குறைவா இருக்கும்போது யாருக்கு முதல்ல அனுப்பறதுன்னு மென்பொருள் முடிவெடுக்கும். குறைவா எடுக்குறவருக்கு முன்னுரிமை, அதிகமா எடுக்குறவர் வரிசையில் பின்னால. 'அன்லிமிடெட்'னு விளம்பரம் பண்ணிட்டு இப்படிச் செய்யலாமான்னு 2004-இல் ஒரு வாடிக்கையாளர் வழக்கே போட்டார். அடுத்த வருடம் சமரசமாச்சு. நிபந்தனைப் பக்கத்திலும் அந்த முன்னுரிமை விஷயத்தை வெளிப்படையா எழுத வேண்டியதாச்சு. 'அன்லிமிடெட்' டேட்டாவுக்குள்ள ஒரு வரம்பு ஒளிஞ்சிருக்கறது நமக்குப் பழகினதுதான். அதோட அண்ணன் இது.

ஆனா அந்தத் தபால் கடையில் சுமார் 1 லட்சம் தலைப்புகள் இருந்தன. இன்னைக்கு எந்த ஒரு சந்தா ஆப்பும் அதன் பக்கத்துல கூட வராது. காரணம் சட்டம். அமெரிக்காவில், முறையா விலைக்கு வாங்கின தட்டை வாங்கினவர் வாடகைக்கு விடலாம், தயாரிப்பாளரிடம் தனியா அனுமதி கேட்க வேண்டாம். கடையில் வாங்கி வந்து உறையில் போட்டு அனுப்பினாலே போதும். ஸ்ட்ரீமிங்கில் அது நடக்காது. படத்துக்குப் படம், நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் வேணும், அதுவும் இத்தனை வருடத்துக்குன்னு. ஒப்பந்தம் முடிஞ்ச அன்னைக்குப் படம் பட்டியலிலிருந்து காணாமப் போகும்.

இந்தியாவில் தட்டு வாடகைக்கே அனுமதி வேணும். காப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, திரைப்படத்தின் பிரதியை விற்கும் உரிமையோடு வணிக ரீதியா வாடகைக்கு விடும் உரிமையையும் உரிமையாளருக்கே கொடுக்குது. டெல்லியில் வெளிநாட்டு டிவிடிக்களை வாங்கி வாடகைக்கு விட்ட ஒரு கடை மேல வார்னர் நிறுவனம் வழக்குப் போட்டது. தட்டுகள் திருட்டுத் தட்டுகள் இல்லை, வெளிநாட்டில் முறையா விலை கொடுத்து வாங்கியவை. இருந்தும் 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்கு எதிராத்தான் தீர்ப்புச் சொன்னது. 2006-இல் பெங்களூரில் சேவையைத் தொடங்கிய செவன்டிஎம்எம், 2008-இல் ரிலையன்ஸ் கொண்டுவந்த பிக்ஃபிளிக்ஸ் எல்லாம் இந்தச் சட்டத்துக்குள்ளதான் ஓட வேண்டியிருந்தது. செவன்டிஎம்எம் தபாலை நம்பாம சொந்த ஆட்களை வெச்சு வீட்டு வாசலில் டிவிடி கொடுத்து வாங்கியது. பிறகு அது பொருள் விற்கும் இணையக் கடையா மாறி, அப்புறம் மறைஞ்சே போச்சு.

தமிழில் வேற வழிகளை முயன்று பார்த்தார்கள். 2013 ஜனவரியில் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முந்தின நாளே டிடிஹெச் வழியா 1,000 ரூபாய்க்குக் காட்டத் திட்டமிட்டார். தியேட்டர்காரர்கள் எதிர்க்க, அது சொன்னபடி நடக்கவில்லை. 2015 மார்ச்சில் சேரன் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை சி2ஹெச் திட்டத்தில் 50 ரூபாய் டிவிடியா நேரா வீட்டுக்கே கொண்டு வந்தார். முகவர்களை வெச்சு வீடு வீடா விற்கும் திட்டம். நீடிக்கவில்லை. என் கணக்கில் அதுதான் வாடிக்கையாளருக்கு ரொம்ப நேர்மையான பேரம். ஒரு டீ, ரெண்டு வடை விலைக்கு ஒரு படம், அதுவும் வாங்கினவர் கையிலேயே இருக்கும்.

புதுச்சேரிக்காரங்களுக்கு இன்னொரு கூடுதல் தலைவலி உண்டு. இங்க பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. பாரிஸ்ல சித்தப்பா, இங்க தாத்தா பாட்டி. அந்தக் காலத்தில் பிரான்ஸ்ல இருந்து வந்த வீடியோ கேசட் செகாம் முறையில் பதிஞ்சது, நம்ம டெக் பால் முறை. போட்டா படம் ஓடும், ஆனா கறுப்பு வெள்ளையில். டிவிடி வந்தப்போ பூட்டு இன்னும் இறுகிடுச்சு. ஐரோப்பா 2-ஆம் மண்டலம், இந்தியா 5-ஆம் மண்டலம். அங்க வாங்கின தட்டை இங்குள்ள பிளேயர் வாங்கிக்கவே வாங்காது.

ஸ்ட்ரீமிங்கில் தட்டு இல்லை, ஆனா மண்டலம் அப்படியே இருக்கு. சித்தப்பா பாரிஸ்ல கட்டின நெட்ஃபிளிக்ஸ் சந்தா புதுச்சேரியில் வேலை செய்யும். ஆனா தெரியறது இந்தியப் பட்டியல். நேத்து விமானத்தில் ஏறும் முன்னாடி பார்த்துட்டிருந்த சீரியல் இங்க இல்லாம போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரலிலிருந்து ஒரு விதி இருக்கு. ஒரு உறுப்பு நாட்டில் சந்தா கட்டினவர் இன்னொரு உறுப்பு நாட்டுக்குக் கொஞ்ச நாள் போனா, சொந்த ஊர்ப் பட்டியலே அவருக்குத் தெரியணும். அந்த விதி ஒன்றியத்தின் எல்லையோட நின்னுடும், ஒயிட் டவுன் வரைக்கும் வராது! பிரான்ஸில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அங்குத் தியேட்டரில் வெளியான படத்தை நெட்ஃபிளிக்ஸ் காட்ட 15 மாதம் காத்திருக்கணும். 2022-க்கு முன்னாடி 36 மாதம். இங்க பல தமிழ்ப் படங்கள் நாலே வாரத்தில் ஆப்புக்கு வந்துடுது. எதிர்ப்பக்கமும் நமக்குத் தெரிஞ்சதுதான். சிம்ப்ளி சவுத் போஸ்டர்ல 'இந்தியா தவிர உலகமெங்கும்'னு பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பீங்க. ஒரே படத்தின் உரிமையை நாட்டு வாரியா வெட்டி வித்திருக்காங்க, அவ்வளவுதான்.

இனி, 'ஹெச்டிக்குக் காசு கட்டினேன், மங்கலாத் தெரியுது'ங்கற புகார். எல்லாரும் ஹாஸ்டல் வைஃபையைத் திட்டுவாங்க. பல நேரம் அது நியாயம்தான். சில நேரம் குற்றவாளி உங்க போனே. படம் பூட்டின கோப்பாதான் வரும். அதைத் திறக்கும் சாவி தனியா வரும், சாவியோடவே காலாவதி நேரமும் சேர்ந்து வரும். அந்த 48 மணி நேரத்தை அமல்படுத்தறதும் இந்தச் சாவிதான். ஆண்ட்ராய்டில் இந்த வேலையைச் செய்யறது கூகுளின் வைட்வைன். அதில் எல்1-னா, பிராசஸருக்குள்ள பாதுகாப்பான தனிப் பகுதியில் பூட்டு திறக்கும். எல்3-னா வெறும் மென்பொருளில் திறக்கும். எல்3 போனை நம்பாம, நெட்ஃபிளிக்ஸ் மாதிரி சேவைகள் 480 வரித் தரத்தோட நிறுத்திடும், நீங்க எந்தத் திட்டத்துக்குக் காசு கட்டியிருந்தாலும் சரி. உபுண்டு போட்ட லேப்டாப்லயும் பிரவுசரில் பெரும்பாலும் எல்3 தான் கிடைக்கும். உங்க போன் எந்த நிலைன்னு காட்ட இலவச ஆப்கள் இருக்கு. வருட சந்தா கட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பார்த்துடுங்க.

புரொஜெக்டரில் போட்டா சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பா நிக்கறதும் இந்தக் குடும்பம்தான். ஹெச்டிஎம்ஐ வழியில் ஹெச்டிசிபி என்ற பூட்டு இருக்கு. வழியில் உள்ள ஏதோ ஒரு பழைய கருவி அதற்குச் சரியா பதில் சொல்லலைன்னா படம் வராது.

'வாடகை வேண்டாம், வாங்கிடறேன்'னு சொல்றீங்களா? 'வாங்கு' பட்டனும் பெரும்பாலும் நீண்ட வாடகைதான். 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் மக்கள் காசு கொடுத்து 'வாங்கின' டிஸ்கவரி நிகழ்ச்சிகளை அந்த மாசக் கடைசியோட நீக்கப்போறதா அறிவித்தது. கூச்சல் கிளம்பியது, புது ஒப்பந்தம் போட்டு முடிவைத் திரும்பப் பெற்றார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கு. நிரந்தரமா கையில் கொடுக்காத டிஜிட்டல் பொருளுக்கு, இது வெறும் உரிமம்தான்னு தெளிவா சொல்லாம 'வாங்கு'ன்னு பட்டன் வெக்கக் கூடாது. நம்ம ஊரில் அப்படி ஒரு சட்டம் வந்தா நல்லா இருக்கும்.

அப்போ நமக்கு வேற வழியே இல்லையா? இருக்கு, யாரும் கவனிக்காத ஒண்ணு. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினபோது 'வணிக வாடகை'க்கு ஒரு விலக்கு எழுதினாங்க. லாப நோக்கமில்லாத நூலகமோ கல்வி நிறுவனமோ, முறையா வாங்கின படப் பிரதியை லாபமில்லாம இரவல் கொடுத்தா அது வணிக வாடகை ஆகாது. அதாவது, செவன்டிஎம்எம் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் நம்ம லைப்ரரி கேட்க வேண்டாம். நூலகக் குழுவில் மாணவப் பிரதிநிதியா இருக்குறவங்க புத்தகப் பட்டியலோட பத்து டிவிடியையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்க. சுய்ஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்திலும் என்ன இருக்குன்னு விசாரிங்க, பிரெஞ்சுப் படங்களுக்கு இந்த ஊரில் அதைவிட வேற இடம் எனக்குத் தோணல. ஃபிலிம் கிளப் ஆளுங்களுக்கு ஒரு உபரித் தகவல்: அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாட்டின் பகுதியா, மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் மாதிரி நிறுவனத்தைச் சேர்ந்தவங்க மட்டும் இருக்கும் அரங்கில் படம் போடறதை மீறலா எண்ணறது இல்லை. ஆனா வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு எழுதியிருக்கும் ஆப் ஒப்பந்தம் வேற, சட்டம் வேற. அதனால போடறது தட்டா இருந்தா நல்லது.

கடைசியா காசு விஷயம். சந்தா தானா புதுப்பிக்கும்போது 24 மணி நேரத்துக்கு முன்னாடியே தகவல் வரணும்ங்கறது 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜை ஸ்பேம்னு தள்ளிடாதீங்க, நிறுத்தறதுக்கு அந்த ஒரு நாள்தான் நேரம். சேர ஒரு கிளிக், விலக ஒன்பது பக்கம்னு அலைய விட்டா அது 'சந்தாப் பொறி'. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகள் பட்டியலில் அதுவும் இருக்கு.

படம் ஓடல, காசும் திரும்பல, கஸ்டமர் கேர் பாட் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லுதுன்னா, முதல்ல ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. 2020 மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சதுன்னு பதில் வரணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு வரணும். வரலைன்னா 1915-க்குக் கூப்பிடலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதுக்கும் மேல போகணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்க குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது புதுச்சேரியிலேயே மனு போடலாம்னு 2019 சட்டம் சொல்லுது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலும் போடலாம். காசு கட்டின ரசீது, பிழை காட்டின திரை, 30 நாள் 48 மணி நேரம்னு எழுதியிருந்த பக்கம், இந்த மூணையும் அன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. மூணாவதை எடுக்க மறந்துடுவாங்க, அந்தப் பக்கம்தான் அடிக்கடி மாறும்.