விழாத சீட்டின் விலையைக் கொடுப்பவர் யார்?

பிற்பகல் 3 மணி ஆனால் போதும், நம் தெருக்களின் டீக்கடைகளில் பேச்சு நின்றுவிடும். ஒரு கைபேசியைச் சுற்றி நாலைந்து தலைகள் கூடும். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் லாட்டரிக் குலுக்கல் நடக்கும் நேரம் அது. முதல் பரிசு யாருக்கு விழுந்தது என்பதில் இங்கே யாருக்கும் அக்கறை இல்லை. பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் எது என்பதுதான் கேள்வி. "மூணு நம்பர்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் சூதாட்டம் அதை வைத்துத்தான் ஓடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, மலைக்கு மேலே இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களில் நம் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒரு அக்காவைச் சென்ற வாரம் சந்தித்தோம். "தினம் 60 ரூபா இதுக்குப் போயிருது தம்பி. கேட்டா, ஒரு நாளு அடிச்சாப் போதும், எல்லாக் கடனும் தீந்துரும்ங்கிறாரு. அஞ்சு வருசமா அந்த ஒரு நாளு வரவே இல்ல" என்றார்.

நாளுக்கு 60 ரூபாய் என்றால் மாதத்துக்கு 1,800. ஆண்டுக்கு 21,900 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 1 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த அக்காவின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, நர்சிங் படிக்கப் பணமில்லாமல் வீட்டில் இருக்கிறாள். மகளிர் குழுவில் வாங்கிய கடனையும் கணவர் எடுத்துக்கொண்டு போனார். தவணை நாளில் குழுவின் மற்ற பெண்கள் சேர்ந்து அதைக் கட்டினார்கள். ஒருவர் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு தெருவே தண்டம் கட்டுகிறது.

அரசே நடத்திய ஆட்டம்

இந்தியாவில் முதன்முதலில் லாட்டரியை அரசுத் துறையாகவே தொடங்கியது கேரளம். 1967 நவம்பர் 1 அன்று முதல் சீட்டு வெளிவந்தது. விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அடுத்த ஆண்டு, 1968இல், அண்ணா தலைமையிலான தமிழக அரசும் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கம் பட்டிதொட்டியெங்கும் பரவியது. 1975இல் கலைஞர் அரசு அதை நிறுத்தியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது மறுபடி வந்தது. பிறகு பூட்டான், சிக்கிம், நாகாலாந்து சீட்டுகளெல்லாம் நம் பேருந்து நிலையங்களில் தோரணமாகத் தொங்கியதை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிக்கும் தடை விதித்தது.

தடையால் சிவகாசி அச்சகங்கள் அடிவாங்கின. சீட்டு விற்றுப் பிழைத்த பார்வையற்றோரும் மாற்றுத்திறனாளிகளும் வேலை இழந்தார்கள். அந்த வலியும் உண்மைதான். ஆனால் தடைக்குப் பிறகு சூதாட்டம் சாகவில்லை. துண்டுச் சீட்டிலும் கைபேசியிலும் ஒளிந்துகொண்டது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மூன்று எண் லாட்டரியால் கடனாளியாகி, மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் மாண்டுபோனார். இந்த லாட்டரியை ஒழியுங்கள் என்பதே அவர் கடைசியாகப் பதிவுசெய்த கோரிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், அரசு நடத்தும் லாட்டரி ஒன்றியப் பட்டியலில் 40ஆவது இனமாக இருக்கிறது. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம். இந்தச் சூதாட்ட இனம் பற்றி 1949இல் அரசியல் நிர்ணய சபையில் விவாதம் வந்தது. சூதாட்டம் என்ற சொல்லே நம் சட்டத்தில் இருக்கக் கூடாது, அதை நீக்குங்கள் என்று சில உறுப்பினர்கள் வாதிட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் எழுந்து விளக்கினார். இந்த அதிகாரத்தைக் கொண்டு சூதாட்டத்தை அனுமதிக்கவும் செய்யலாம், அடியோடு தடுக்கவும் செய்யலாம். சொல்லை நீக்கிவிட்டால் மாகாண அரசுகள் தடுக்க வழியில்லாமல் கைகட்டி நிற்க வேண்டிவரும் என்பதே அவர் சொன்னதன் சாரம். ஆக, தடுக்கும் ஆயுதத்தை மாநிலத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்.

1998இல் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஒற்றை இலக்கத்துக்கோ, முன்கூட்டி அறிவித்த எண்ணுக்கோ பரிசு கொடுக்கக் கூடாது என்கிறது அது. இதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே. அரசு முத்திரை குத்தியதால் அதன் குணம் மாறிவிடாது என்றது. இன்னொன்றையும் தெளிவாக்கியது. தானே லாட்டரி நடத்துகிற மாநிலம், பிற மாநிலச் சீட்டுகளைத் தடை செய்ய முடியாது. தன் மண்ணில் லாட்டரியே வேண்டாம் என்று முடிவெடுத்த மாநிலம்தான் அடுத்தவர் லாட்டரிக்கும் கதவை அடைக்கலாம்.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2021இல் தமிழகத்தில் லாட்டரி திரும்ப வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது, அரசு மறுத்தது. கருவூலம் காலியாகும்போதெல்லாம் அந்தப் பேச்சு மீண்டும் வரும். ஒரே ஒரு தமிழக அரசுச் சீட்டு வந்தால், அதன் பின்னாலேயே அத்தனை மாநிலச் சீட்டுகளும் வரும்.

மறுதரப்பு வாதம்

கேரளத்தைப் பாருங்கள் என்பார்கள். அங்கே லாட்டரி வருமானத்திலிருந்து காருண்யா நிதி வழியாக ஏழை நோயாளிகளுக்கு உதவி போகிறது. பல முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் சீட்டு விற்று வாழ்கிறார்கள். நாம் இதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது? வருமான வரி, சம்பாதிப்பவரின் வசதியைப் பார்த்து வாங்கப்படுகிறது. லாட்டரியோ தோட்ட முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் ஒரே விலை. முதலாளி வாங்குவதில்லை, கூலிக்காரர் வாங்குகிறார். ஏழையிடம் பிடுங்கி ஏழைக்கே வைத்தியம் பார்ப்பதைச் சமூகநீதி என்று எப்படிச் சொல்வது?

சட்டப்படி நடத்தினால் கள்ள ஆட்டம் ஒழியும் என்பதும் எடுபடாது. அரசு லாட்டரி தினமும் நடக்கும் கேரளத்திலேயே, "எழுத்து லாட்டரி" என்ற பெயரில் இதே மூன்று எண் ஆட்டத்துக்காகக் கைதுகள் நடக்கின்றன. அரசுக் குலுக்கலின் முடிவுதான் கள்ள ஆட்டத்துக்குத் தீனி.

2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் திருப்பூரைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கு விழுந்தது. அந்தச் செய்தி நம் தெருக்களில் பல மாதம் பேசப்பட்டது. விழாமல் போன லட்சக்கணக்கான சீட்டுகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூன்று இலக்க எண்கள் 000 முதல் 999 வரை ஆயிரம். ஆயிரத்தில் ஒன்றை நம்பித்தான் நம் அடுப்பு எரிகிறதா?

நாம் செய்ய வேண்டியது

நம் மக்கள் பேராசைக்காரர்கள் அல்லர். பஞ்சமி நிலம் கைவிட்டுப் போனது. ஈடு காட்டச் சொத்தில்லாதவருக்கு வங்கி வாசல் திறப்பதில்லை. நேர்வழியெல்லாம் அடைபட்டுக் கிடக்கும்போது, அதிர்ஷ்டம் ஒன்றுதான் சாதி கேட்காத கதவாகத் தெரிகிறது. அந்த மயக்கத்தைத்தான் விற்கிறார்கள்.

எனவே அரசிடம் நாம் கேட்பது இவை. துண்டுச் சீட்டு எழுதும் கூலியாளைப் பிடித்துக் கணக்குக் காட்டாமல், பின்னால் இருக்கும் பண முதலையைப் பிடிக்க வேண்டும். நம் பிள்ளைகளின் உயர்கல்விக்கான உதவித்தொகை, கல்லூரிக் கட்டணம் கேட்கும் நாளிலேயே கைக்கு வர வேண்டும். லாட்டரியைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் எந்த ஆட்சிக்கும் வரக் கூடாது.

2003 ஜனவரியில் லாட்டரிக் கடையை மூடிய அதே அரசுதான், அதே ஆண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு கையால் மூடியதை மறு கையால் திறக்கும் வித்தை அரசுகளுக்குத் தெரியும். விழித்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

மாணவர்களே, இன்று மாலை உங்கள் வீட்டில் ஒரு நோட்டை எடுங்கள். இந்த மாதம் சீட்டுக்குப் போன பணத்தை அம்மாவை வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையை அப்பாவிடம் காட்டுங்கள். சண்டை வேண்டாம், கணக்கைக் காட்டினால் போதும். அந்த அக்காவின் மகளிடமும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டு சேர்க்கைக்குள் அவள் பெயரில் ஓர் அஞ்சலகக் கணக்கு தொடங்குவதாக அவளுடைய குழுப் பெண்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தினம் 60 ரூபாய் இனி அதில் விழட்டும்.