ஏர்கோன் சத்தம் எங்கிருந்து வருகிறது?

கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயா, இந்த வட்டாரத் தோட்டங்களில் ஓடும் கார்களுக்குச் செம்மண் தூசியும் சருகும் ஓயாத தொல்லை. ஏர்கோன் இரைந்தால், 'கம்பிரசர் போய்விட்டது' என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பெருஞ்செலவு அது, பல வேளைகளில் வீண்செலவும்கூட.

முதலில் எஞ்சினை முடுக்காமல், சாவியை மட்டும் திருப்பி, உள்ளே காற்றைத் தள்ளும் காற்றாடியை ஓடவிட்டுக் கேளுங்கள். படபடவென்றால் அதில் சருகு சிக்கியிருக்கலாம்; துப்புரவு செய்தாலே போதும்.

அடுத்து எஞ்சினை முடுக்குங்கள். ஏர்கோனைப் போட வேண்டாம். அப்போதே உறுமினால், கப்பியின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான கார்களில் ஏர்கோனை அடைத்தாலும் கம்பிரசரின் கப்பி வாரோடு சேர்ந்து சுழன்றுகொண்டுதான் இருக்கும். பேரிங்கை மட்டும் மாற்ற முடியுமா என்று பட்டறைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஏர்கோனைப் போட்டதும் கீச்சிட்டால் பெரும்பாலும் வார் தளர்ந்திருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். கடகடவென்று தட்டினால்தான் கம்பிரசரைப் பற்றிக் கவலை. அணைத்தபின் சற்று நேரம் 'உஸ்' என்பது பழுதல்ல. வாயுவின் அழுத்தம் சமனாகும் ஓசை.

எஞ்சின் ஓடும்போது வார் அருகே கையையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள். வாயுக் குழாயையும் நீங்களே கழற்ற வேண்டாம். பீறிடும் வாயு தோலையும் கண்ணையும் உறையவைத்துப் புண்ணாக்கிவிடும்.