தூண்டில் போடுபவருக்கும் சொல்ல உரிமையுண்டு

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களில் லீவு நாட்களில் தூண்டில் போடுகிறவர்கள் நம்மில் பலர். "ரெண்டு திலாப்பியா கிடைச்சா கறிக்கு ஆச்சு" என்பார்கள். அந்த மீனுக்கும் சட்டம் உண்டு என்பதை அறிந்தவர்கள் குறைவு.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் கடலுக்கு மட்டுமல்ல, ஆற்றுக்கும் குளத்துக்கும் உரியது. வெடி போட்டோ, நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பது குற்றமாகும்.

காரணம் என்ன? நமது நீர்த்தேக்கங்களில் உள்ள திலாப்பியாவில் தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். தாய் செத்தால் குஞ்சும் போச்சு. பூச்சிமருந்தை ஆற்றில் ஊற்றினால் மீன் மட்டுமா சாகும்? கீழ்லயத்துக்காரர் புழங்கும் தண்ணீரும் அதுதானே! சின்னக்கண் வலையோ ஒருமுறைகூட முட்டையிடாத மீனையும் அள்ளிவிடும். அடுத்த வருஷம் எதைப் பிடிப்பது?

அமைச்சருக்கு ஆலோசனை கூற ஒரு சபையும், முகாமைத்துவப் பகுதிகளில் மீனவர் குழுக்களும் அமைய இதே சட்டம் வழிசெய்கிறது. மீனவர் பேசுவார்கள், நாம் பேசாவிட்டால் நமது கஷ்டம் யாருக்குத் தெரியும்?

ஆகவே நீங்கள் கண்டதைக் குறித்து வையுங்கள்: எந்த மாதம் மீன் சிறுத்தது, எந்த இடத்தில் மருந்து ஊற்றினார்கள், என்ன வலை போட்டார்கள். திகதியும் இடமும் முக்கியம். நாலைந்து பேர் கையொப்பமிட்டு, கிராம உத்தியோகத்தர் மூலமோ நேரடியாகவோ பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கவும் உங்களுக்கு உரிமையுண்டு.