மனுசங்கடா: கே. ஏ. குணசேகரனின் குரலும் மொழியும்

செமோர் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டியாரின் ஒப்பாரிகளை மாணவப் பருவத்தில் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அவர் ‘வந்தாக’ என்று பாடியதை ‘வந்தார்கள்’ என்றும், ‘எங்கிட்டு’ என்றதை ‘எங்கே’ என்றும் திருத்தினேன். கொச்சை நீக்கினோம் என்னும் நிறைவு அப்போது இருந்தது. பின்னாளில் பாடிப் பார்த்தபோது ஓரடியும் மெட்டில் அமையவில்லை. பாட்டியாரும் அப்போது இல்லை. என் பிழை யாதென எனக்கு உணர்த்தியவை முனைவர் கே. ஏ. குணசேகரனின் பாடல்கள்.

இளையான்குடியை அடுத்த மாரந்தையைச் சேர்ந்த அவர் 1955இல் பிறந்தார். வறுமையும் சாதி இழிவும் சூழ்ந்த தம் இளமையை ‘வடு’ என்னும் தன்வரலாற்றில் பதிந்துள்ளார். ‘பலியாடுகள்’ நாடகத்தை எழுதினார்; புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார்; உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2016 சனவரியில் மறைந்தார். பதவிகளை இவ்வளவில் நிறுத்தலாம். வயற்காட்டுப் பாடல்களைக் கேட்டறிந்து, ‘தன்னானே’ என்னும் கலைக்குழுவுடன் அவற்றை மேடையேற்றிய பாடகர் என்பதே நமக்கு முதன்மை.

கவிஞர் இன்குலாப் இயற்றிய ‘மனுசங்கடா’ அவர் குரலால் தமிழகமெங்கும் பரவியது. அத்தலைப்புச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மனு/சங்/கடா: நிரை, நேர், நிரை என மூன்றசை. இதனை ‘மனிதர்களடா’ என்று திருத்தினால் மனி/தர்/கள/டா என நான்கசை ஆகிறது. ஓரசை மிகுந்தவுடன் பறையின் அடி தவறுகிறது. பேச்சு வழக்கில் ‘கள்’ விகுதி ‘ங்க’ எனச் சுருங்குவது நாவின் சோம்பலன்று, ஒழுங்கான ஒலிமாற்றம். நாங்க, நீங்க, அவங்க என்பனவும் அவ்வாறே.

இறுதியிலுள்ள ‘டா’ இன்னும் நுட்பமானது. நண்பர்க்கிடையே அது நெருக்கம். ஊர்த்தெருவிலோ மேலோர் எனப்பட்டோர் கீழோர் எனப்பட்டோரை விளித்த சொல். வயதில் மூத்த கூலியாளையும் சிறுவன் ‘டா’ போட்டு அழைத்த வழக்கு உண்டு. நம் தோட்டங்களிலும் பெரட்டுக் களத்தில் அச்சொல் ஒலித்தது. அதே சொல்லை, அதுவரை அதனைக் கேட்டு நின்றவர்கள் எதிர்த்திசையில் எறிகின்றனர். இலக்கணம் இதனை விளிச்சொல் என்று கூறி அமையும். குணசேகரன் அவ்வசையை நீட்டி உயர்த்திப் பாடும்போதுதான் அதன் முழுப்பொருள் செவிக்கு எட்டுகிறது.

ஒப்பாரி பாடும் மூதாட்டியர் சிலர் இன்னும் நம் வட்டாரத்தில் உள்ளனர். ஆசிரியர்கள் மாணவரை அவர்களிடம் அனுப்பும்போது கைப்பேசியில் முதலில் ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். எழுதுவது பிறகு ஆகட்டும். அப்போதும் ‘வந்தாக’ ‘வந்தாக’வாகவே இருக்கட்டும்.