நீதிபதி எப்போது கேள்வி கேட்க வேண்டும்?

கொலை வழக்கின் சாட்சியிடம் அரசு வழக்கறிஞர், “எதிரி அரிவாளோடு ஓடி வந்தார், இல்லையா?” என்று கேட்டால், எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வழக்கறிஞர் உடனே எழுந்து ஆட்சேபிப்பார். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுப்பதற்கு, சாட்சியை அழைத்த தரப்பு நடத்தும் முதல் விசாரணையில் பொதுவாக இடமில்லை. எதிர்த் தரப்பு நடத்தும் குறுக்கு விசாரணையில் உண்டு. எந்தக் கேள்வி செல்லும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்பவர் நீதிபதி. சாட்சியை அவமதிப்பதற்கென்றே கேட்கப்படும் கேள்வியை அவர் தடுத்தாக வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய அதிகாரம் ஒன்றும் அவரிடம் இருக்கிறது. எந்தச் சாட்சியிடமும், எந்த நேரத்திலும், வழக்கோடு தொடர்பில்லாததைப் பற்றிக்கூட அவரே கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 165ஆம் பிரிவில் தந்த அதிகாரம் இது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 168ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வழக்கறிஞர்கள் அந்தக் கேள்வியை ஆட்சேபிக்க முடியாது. ஆனால் தீர்ப்பு, வழக்குக்குத் தொடர்புள்ள, முறையாக மெய்ப்பிக்கப்பட்ட செய்திகளின் மேல்தான் நிற்க வேண்டும்.

இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் இருப்பதும் தவறாகலாம். குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி கொலை வழக்கில் சாட்சிகள் பலர் முன்பு சொன்னதிலிருந்து பிறழ்ந்தார்கள். 2003இல் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையானார்கள். விசாரணை நீதிமன்றம் வெறும் பார்வையாளராக இருக்கக் கூடாது என்று 2004இல் கண்டித்த உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணை நடத்த ஆணையிட்டது.

இங்கிலாந்தில் 1957இல் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. சுரங்கத்தில் இறந்த தொழிலாளியின் மனைவி தொடுத்த வழக்கில் நீதிபதி ஹாலெட் ஓயாமல் குறுக்கிட்டார். நுணுக்கங்களைப் புரிந்துகொள்ளும் ஆர்வம்தான் காரணம். ஆனாலும் இரு தரப்பும் குறை சொல்ல, மேல்முறையீட்டில் டென்னிங் பிரபுவின் அமர்வு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. நல்ல நோக்கமும் விசாரணையைக் கெடுக்கலாம் என்பதால் இந்த வழக்கை முக்கியமானதாகக் கருதுகிறேன். குறுக்கு விசாரணை சூடுபிடிக்கும் நேரத்தில் நீதிபதி இடைமறித்தால், தடுமாறும் சாட்சிக்கு யோசிக்க அவகாசம் கிடைத்துவிடும். இரு தரப்பும் முடித்த பிறகு, தெளிவில்லாததை மட்டும் கேட்பதே நல்லது. அதில் புதிய செய்தி வந்தால், அதைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழக்கறிஞரை அனுமதிக்கவும் வேண்டும்.

ஒரு கட்டத்தில் மட்டும் நீதிபதி கேட்டே ஆக வேண்டும். அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும், எதிரிக்குப் பாதகமான சாட்சியத்தை எடுத்துச் சொல்லி அவரிடமே விளக்கம் கேட்கிறார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவு. இப்போது அதற்குப் பதிலாக வந்த சட்டத்தின் 351ஆம் பிரிவு. எதிரிக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தால் தண்டனையும் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நீண்ட கேள்வியாகத் திணிக்காமல், ஒவ்வொரு செய்தியையும் அவருக்குப் புரியும்படி தனித்தனியே கேட்க வேண்டும்.