பர்மா தேக்கு தூணா? காற்று வர்ற முற்றமா? - செட்டிநாடு மாடலில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு!

ஒரகடம்:

நைட் ஷிப்ட் முடிந்து காலையில் கம்பெனி பஸ்சில் வந்து இறங்கி, குளித்து சாப்பிட்டு படுத்தால் 11 மணிக்கெல்லாம் வியர்த்து கொட்டி முழிப்பு வந்துவிடும். மேலே கான்கிரீட் தளம் கொதிக்கும். பேன் அனல் காற்றைத்தான் வீசும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இதே புலம்பல்தான்.

1998-ல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது, 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் வந்தது. வயக்காடு எல்லாம் மனையாச்சு. லோன் போட்டு அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு வாங்கி வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது "செட்டிநாடு மாடல்" மீது தனி ஆசை. வாசலில் ரெண்டு தூண், பெரிய கதவு, பூப்போட்ட தரை. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனா எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கு.

தூண் வந்த கதை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் அந்த பெரிய வீடுகளை கட்டியவர்கள் நகரத்தார். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வட்டித்தொழில், வியாபாரம் செய்தவர்கள். தேக்கு பர்மாவில் இருந்து கப்பலில் வந்தது. கானாடுகாத்தான் அரண்மனை 1912-ல் முடிந்தது. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ல் கட்டியது. அதற்கு அடுத்த வருஷமே ஜப்பான்காரன் பர்மாவை பிடிக்க, அங்கே இருந்த சொத்து, பாக்கி எல்லாம் போச்சு.

பிறகு வீடு ஒன்று, பங்காளிகள் பல பேர். பராமரிக்க முடியாமல் இடித்து விற்றார்கள். அப்படி கழற்றிய தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு கடைகளுக்கு வந்தது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேச பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம் பிடித்தும், வீடு இடிபடுவது நிற்கவில்லை. நாம வாங்கும் ஒவ்வொரு தூணுக்கும் பின்னாடி ஒரு வீடு போயிருக்கலாம் என்பதையும் நினைச்சுக்கணும்.

இன்னொன்று. அங்கே அந்த தூண் முற்றத்தை சுற்றி ஓட்டுக்கூரையை தாங்கியது. நம்ம வீட்டில் பாரத்தை கான்கிரீட் பில்லர் தாங்குது. தேக்கு தூண் பக்கத்தில் சும்மா நிற்கும். அதுக்கு இத்தனை மாத இ.எம்.ஐ. கட்டணுமா?

குளிர்ச்சி எங்கே?

அந்த வீட்டின் உயிர் முற்றத்தில் இருக்கு. வாசல் கதவும் பின் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று லேசாகி மேலே போய்விடும். அந்த இடத்துக்கு வாசல் வழியா வெளிக்காற்று உள்ளே இழுக்கும். ராத்திரி முற்றத்து தரை சீக்கிரம் ஆறிவிடும். கரண்ட் பில்லே கிடையாது. மழைத் தண்ணியும் நாலு பக்க ஓட்டில் இருந்து அங்கேயே விழும், அண்டாவில் பிடித்து வைப்பார்கள்.

அரை கிரவுண்டில் இது நடக்குமா? நடக்கும். 5 அடிக்கு 5 அடி விட்டாலே போதும், ஒரு ரூம் கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். ஆனா பலர் செய்கிற வேலை, மழைக்கு பயந்து மேலே கண்ணாடி ஷீட் போட்டு ஒரேயடியா மூடிவிடுவது. அப்புறம் அது முற்றம் இல்லை, அடுப்பு. வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. கம்பி கிரில், கொசுவலை போடுங்க. மழைக்கு ஷீட் வேணும் என்றால் ஒரு அடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்து விடச்சொல்லி கொத்தனாரிடம் கண்டிப்பா சொல்லுங்க.

சுவர் பூச்சில் சுண்ணாம்போடு கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். தொட்டால் வழவழ என்று இருக்கும். அந்த வேலை தெரிந்த ஆள் இப்போ குறைவு, நமக்கு கட்டுப்படியும் ஆகாது. மொட்டை மாடிக்கு வருஷா வருஷம் கோடைக்கு முன்னாடி வெள்ளை சுண்ணாம்பு அடிச்சாலே கீழே வித்தியாசம் தெரியும்.

ஆத்தங்குடி கல்

இது நம்ம பட்ஜெட்டுக்கு ஒரு ரூமுக்காவது ஒத்துவரும். சூளையில் சுடாத கல் இது. கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்ட் கரைசலை கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டி இருந்த பக்கம்தான் பளபள என்று வருது. நடக்க நடக்க பளபளப்பு கூடும்.

கடையில் சொல்லாத ஒன்று: கனமான கல், அதனால் தரை மட்டத்தை முன்கூட்டியே கணக்கு போடணும். சிமெண்ட் கல் என்பதால் ஆசிட் ஊற்றி கழுவவே கூடாது, கலரே போய்விடும். பதித்த உடனே மேலே சிந்தின சிமெண்ட் பாலை துடைத்துவிடணும்.

திண்ணை கட்டுகிறவர்கள் மனைக்குள்ளேயே கட்டுங்க. ரோட்டில் நீட்டினால் என்றைக்காவது பொக்லைன் வரும்.

நேரில் பார்க்க காரைக்குடி வரை போக வேண்டாம். முட்டுக்காடு தட்சிண சித்ராவில், 1996-ல் திறந்தது, பழைய வீடுகளை பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தி இருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் இருக்கு. ஒரகடத்தில் இருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியா போகலாம். செவ்வாய்க்கிழமை லீவு. வீக் ஆப் அன்னைக்கு கொத்தனாரையும் கூட்டிட்டு, ஒரு டேப்பும் எடுத்துட்டு போங்க.